ஓய்வுக்குப் பின் வாட்டர்கலர்: மதுரை வெயிலில் தொடங்குகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

முதலில் மின்விசிறியை அணையுங்கள். மதுரையில் வாட்டர்கலர் பழக உட்காருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை இதுதான். சித்திரையில் 40 டிகிரி தொடுகிற ஊர் இது. தலைக்கு மேல் விசிறியும் சுழன்றால், பூசிய வண்ணம் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வரும். நடுவில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர் பாதி காய்ந்த பகுதிக்குள் ஊறும்போது காலிபிளவர் பூவைப் போலத் திட்டு விழும். முப்பது வருடம் நிறுவனத்தில் வேலை பார்த்து, எதையும் சரியாக முடித்துக் கொடுத்தே பழகியவர் அந்தத் திட்டைப் பார்த்ததும் "நமக்குக் கை வராது" என்று பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுவார். கையில் ஒரு குறையும் கிடையாது. காகிதம் எந்த நேரத்தில் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதைப் பார்க்கக் கண் இன்னும் பழகவில்லை. வாட்டர்கலரில் கற்க வேண்டியதில் பாதி அதுதான்.

ஆயில் வண்ணமும் அக்ரிலிக்கும் நல்லவைதான். ஆயிலுக்குத் தனி அறையும் டர்பன்டைன் வாடையைப் பொறுத்துக்கொள்ளும் வீட்டாரும் வேண்டும். அக்ரிலிக் நம் வெயிலில் பிரஷ்ஷிலேயே இறுகிவிடும். வாட்டர்கலருக்குச் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை போதும். பத்து நிமிடத்தில் எடுத்து வைத்துவிடலாம். தினமும் தொடுவதற்கு அதுவே வசதி.

கண்ணும் மேசையும்

வண்ணம் வாங்கும் முன் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கண்புரை இருந்தால் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிவிடும். நீலமும் ஊதாவும் மங்கித் தெரியும், அதை ஈடுகட்ட நாம் நீலத்தைக் கூடுதலாகப் போடுவோம். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கும் கண்புரை இருந்தது. 1923-ல் அறுவை செய்துகொண்ட பிறகு அவர் நிறங்களைப் பார்த்த விதமே மாறிப்போனது. ஒரு கண்ணுக்கு மட்டும் அறுவை முடிந்திருந்தால் இரண்டு கண்ணுக்கும் ஒரே வானம் இரண்டு நீலமாகத் தெரியும். அப்படி இருப்பவர்கள் அடுத்த கண்ணும் முடியும்வரை பென்சிலும் ஒற்றை நிறமுமாகப் பழகுவது நல்லது.

வெள்ளெழுத்துக்குப் போட்டிருக்கும் புரோக்ரசிவ் கண்ணாடி படம் போட ஏற்றதல்ல. அதன் ஓரங்களில் நேர்க்கோடு வளைந்து தெரியும். தலையை ஓயாமல் ஏற்றி இறக்க வேண்டியிருப்பதால் அரைமணியில் கழுத்து பிடிக்கும். அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒரு கண்ணாடி வைத்திருந்தீர்களே, அதை எடுங்கள். பலகை கண்ணிலிருந்து 45 முதல் 60 செ.மீ. தூரத்தில் இருக்கட்டும்.

பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட்டில் 12-க்கு 16 அங்குலத் துண்டு ஒன்று. அதன் தலைப்பக்கம் ஒரு செங்கல்லைப் படுக்கையாக வைத்தால் வேண்டிய சரிவு கிடைக்கும். சரிவு இல்லாவிட்டால் வண்ணம் தேங்கும், அதிகமானால் ஒழுகி ஓடும். வெளிச்சம் ஜன்னலிலிருந்து, வலக்கைக்காரருக்கு இடப்பக்கமாக வர வேண்டும். இரவில் மஞ்சள் பல்பின் கீழ் போட்ட படம் காலையில் நீலம் கூடித் தெரியும். வெள்ளை டியூப் போட்டுக்கொள்ளுங்கள்.

கை லேசாக நடுங்கினால் சுண்டு விரலைக் காகிதத்தில் ஊன்றுங்கள். அதற்கு அடியில் ஒரு டிஷ்யூவை மடித்து வையுங்கள், இல்லையென்றால் தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் பிடிக்காது. விரல் மூட்டு வலிக்கிறவர்கள் பிரஷ்ஷின் காம்பில் பழைய பருத்தித் துணியைச் சுற்றிக் கனமாக்கிக்கொள்ளலாம். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். படத்தைத் தள்ளி நின்று பார்க்கவும் அதுவே நேரம்.

காசை எதில் போடுவது

காகிதத்தில். ஓய்வு பெற்றவர்கள் செய்யும் பெரிய தவறு, 48 நிறம் அடங்கிய பெட்டியை வாங்கிவிட்டுக் காகிதத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளின் டிராயிங் நோட்டை எடுப்பது. மெல்லிய காகிதம் தண்ணீர் பட்டதும் அப்பளமாக நெளியும், பள்ளத்தில் வண்ணம் தேங்கும், இரண்டாம் முறை தேய்த்தால் பஞ்சு பஞ்சாகக் கிளம்பும். அதில் கற்க வழியே இல்லை.

கடையில் கேட்க வேண்டியது: 300 ஜிஎஸ்எம் (காகிதத்தின் கனத்தைச் சொல்லும் அளவு), 100 சதவீதம் பருத்தி, கோல்ட் பிரஸ் (லேசாகச் சொரசொரப்பான மேற்பரப்பு). முழுத் தாள் 22-க்கு 30 அங்குலம். நீளத்தை நான்காகவும் அகலத்தை இரண்டாகவும் மடித்துக் கிழித்தால் 7½-க்கு 11 அங்குலத்தில் எட்டுத் துண்டு கிடைக்கும். பத்துத் தாள் வாங்கினால் எண்பது துண்டு. வாரம் மூன்று என்று வைத்தால் ஆறு மாதத்துக்குக் காணும். பின்பக்கத்தை நிறக்கலவை பழக வைத்துக்கொள்ளுங்கள். பருத்திக் காகிதம் தண்ணீரை உள்ளே பிடித்துவைத்து மெதுவாக விடும். நம் ஊர் வெயிலுக்கு அதனால்தான் அவ்வளவு வற்புறுத்துகிறோம்.

வண்ணம் ஆறு டியூப் போதும்: அல்ட்ரமரின் புளூ, தாலோ புளூ, பெர்மனன்ட் ரோஸ், லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா. டியூபில் நிறத்தின் பெயரைவிட, உள்ளே இருக்கும் நிறப்பொருளைச் சொல்லும் நிறமி எண்ணைப் பாருங்கள். அல்ட்ரமரின் என்றால் பிபி 29, ரோஸ் என்றால் பிவி 19. பழைய அலிசரின் கிரிம்சன், அதாவது பிஆர் 83, சில வருடங்களில் வெளுத்துவிடும், தவிர்த்துவிடுங்கள். கறுப்பும் தயார்ப் பச்சையும் முதல் வருடம் வேண்டாம். நிறமி குறைவான மாணவர் தரத்தில் ஆறு டியூப் வாங்குவதைவிட ஓவியர் தரத்தில் மூன்று வாங்குவது மேல். அந்த மூன்று அல்ட்ரமரின், ஓக்கர், பர்ன்ட் சியன்னா.

பிரஷ் மூன்று: முனை கூர்ந்த ரவுண்ட் 12, ரவுண்ட் 6, ஒரு அங்குல பிளாட். சிந்தடிக் போதும். கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு, பிரஷ்ஷை நனைத்து ஒரு உதறு உதறுங்கள். முனை ஒன்றுகூடினால் வாங்கலாம், இரண்டாகப் பிரிந்தால் வைத்துவிடுங்கள். வீட்டில் கழுவியதும் படுக்கையாகக் காய வையுங்கள். நிறுத்தி வைத்தால் தண்ணீர் உலோகக் குழாய்க்குள் இறங்கிக் காம்பை ஊதவைக்கும்.

வண்ணம் கலக்கும் பேலட்டுக்கு வெள்ளைப் பீங்கான் தட்டு, துடைக்கப் பழைய வேட்டித் துணி, தெளிக்கச் சிறிய ஸ்பிரே பாட்டில், மாஸ்கிங் டேப், 2பி பென்சில். தண்ணீருக்கு இரண்டு கண்ணாடி டம்ளர்: ஒன்று கழுவ, ஒன்று கலக்க. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கலக்க மட்டும் குடிதண்ணீரை எடுங்கள். சில வண்ணங்களில் தேன் சேர்ப்பார்கள், அவற்றுக்கு எறும்பு வந்துவிடும். மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். பிரஷ்ஷை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். காட்மியம், கோபால்ட் நிறமிகள் உடம்புக்குள் போகக் கூடாதவை.

ஈரத்தைப் படிப்பது

ஈரக் காகிதத்துக்கு நான்கு நிலை உண்டு. குளம்: தண்ணீர் மேலே நிற்கிறது. மினுமினுப்பு: தேங்கல் இல்லை, ஆனால் ஜன்னல் வெளிச்சம் பளபளவென்று தெரிகிறது. மங்கல்: பளபளப்பு போய்விட்டது, விரலின் பின்பக்கத்தால் தொட்டால் சில்லென்று இருக்கிறது. காய்ந்தது: சில்லிப்பும் இல்லை.

விதி ஒன்றே ஒன்று. பிரஷ்ஷில் இருக்கும் தண்ணீர் காகிதத்தில் இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மினுமினுப்பில் பால் பதத்தில் வண்ணம் வைத்தால் அழகாக மெல்லப் பரவும். மங்கலில் அதே பாலை வைத்தால் தண்ணீர் முன்னால் பூசியதைத் தள்ளிக்கொண்டுபோய் திட்டு விழும். மங்கலில் வைக்கலாம் என்றால் கெட்டித் தயிர் பதம் மட்டும்தான். அது பரவாமல் ஓரம் மட்டும் மென்மையாகி நிற்கும். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் புத்தகங்கள் பத்துப் பாடமாகச் சொல்வது ஒன்றாகச் சுருங்கிவிடும்.

வெளிநாட்டு வீடியோக்களில் "ஐந்து நிமிடம் பொறுங்கள்" என்பார்கள். அந்தக் கணக்கு அங்கே உள்ள குளிருக்கு. வைகாசி மதியத்தில் நம் மேசையில் மினுமினுப்பு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காது. கடிகாரத்தை விட்டுவிட்டு, தலையைச் சாய்த்துக் காகிதத்தின் மேல் வெளிச்சம் எப்படித் தெறிக்கிறது என்று பாருங்கள். காலை ஆறு முதல் எட்டரை வரை வேலை செய்யுங்கள். அந்த நேரத்துக் காகிதம் பொறுமையாகக் காயும். பெரிய பரப்பை நனைக்கும்போது ஒருமுறை நனைத்து, காகிதம் குடிக்க ஒரு நிமிடம் விட்டு, மறுபடி நனைத்துவிட்டு வண்ணம் வையுங்கள். நம் ஊருக்கு இந்த இரட்டை நனைப்பு கட்டாயம்.

முதல் இரண்டு வாரம் படம் வேண்டாம், பட்டைகள் போதும். டேப்பால் நான்கு பக்கமும் ஒட்டிய துண்டில் அல்ட்ரமரினைப் பால்விடாத டீ அளவுக்குக் கரைத்து மேலிருந்து கீழே பூசுங்கள். முதல் இழுப்பின் அடியில் ஒரு துளி வரிசை தேங்கும். அடுத்த இழுப்பு அதைத் தொட்டு இறக்கிக்கொண்டு வர வேண்டும். அடிவரை வந்ததும் மிஞ்சிய துளியைப் பிழிந்த பிரஷ்ஷால் உறிஞ்சிவிடுங்கள், விட்டால் அது மேலே ஏறும். பட்டை வரிவரியாக வருகிறதென்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கலவை பாதியில் தீர்ந்து, மறுபடி கலக்கப் போயிருப்பீர்கள். இந்த அளவுத் துண்டுக்கு இரண்டு டீஸ்பூன் கலவையாவது முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். மிச்சமானால் போகட்டும். சிக்கனம் பார்க்கிற இடம் இதுவல்ல.

அடுத்து ஒரே நிறத்தில் ஐந்து அடர்த்தி: டீ, பால் கலந்த டீ, பால், தயிர், டியூபில் வந்தபடி. காய்ந்ததும் எல்லாமே ஒரு படி வெளிறும். ஈரத்தில் "கொஞ்சம் அதிகமோ" என்று தோன்றுவதுதான் சரியான அளவு. புதியவர்கள் போடும் படங்கள் சோகை பிடித்தவை மாதிரி இருப்பதற்கு இந்தப் பயம்தான் காரணம்.

நம் ஊரின் சாம்பலும் பச்சையும்

அல்ட்ரமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் மதுரையின் பாதி கிடைத்துவிடும். நீலம் கூடினால் மழை மேகம், தூரத்து நாகமலை. சியன்னா கூடினால் வெயில் காய்ந்த பாறை, பழைய ஓடு. சமமாக, தயிர் பதத்தில் வைத்தால் கோயில் கல்லின் நிழல். அல்ட்ரமரினின் துகள் காகிதக் குழிகளில் தங்குவதால் கல்லின் சொரசொரப்பு தானாகவே வந்துவிடும். இதற்காகத்தான் கறுப்பு வேண்டாம் என்றோம்.

பச்சையில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நம் புளியும் வேம்பும் பனையும் கிளிப்பச்சை கிடையாது. அல்ட்ரமரினில் ஓக்கரைக் கலந்தால் புழுதி படிந்த அந்த ஆலிவ் பச்சை வரும். ஒரு துளி சியன்னா சேர்த்தால் கருவேலம். தாலோ புளூவும் லெமன் யெல்லோவும் சேர்ந்த கூர்மையான பச்சையை, சோழவந்தான் பக்கம் நாற்று விட்ட வயலைப் போடும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாலோ மிகவும் வீரியமான நிறம், காகிதத்தில் கறையாகப் பிடித்துவிடும். பிரஷ் நுனியில் தொட்டால் போதும்.

யானைமலை, ஒரு துண்டில்

மேலூர் சாலையில் ஒத்தக்கடை போகும் வழியில் ஏறத்தாழ 3 கி.மீ. நீளத்துக்குப் படுத்திருக்கும் அந்த ஒற்றைப் பாறையைவிட நல்ல முதல் பாடம் இந்த வட்டாரத்தில் இல்லை. ஒரே உருவம், தெளிவான ஓரம், பாதி வெயில், பாதி நிழல். காலையில் போய்ப் பென்சிலில் குறித்துக்கொண்டு, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் வண்ணம் வையுங்கள்.

கையை முழுக்க நீட்டி, பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி மலையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அந்த உயரம் நீளத்துக்குள் எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணுங்கள். எல்லோரும் மலையை உண்மையைவிட உயரமாகப் போடுவார்கள், யானை தெரிய வேண்டும் என்ற ஆசையில். தரைக்கோடு அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வரட்டும். மலை ஒரே கோடு, மர வரிசை ஒரு கோடு, முன்னால் பாதை ஒரு கோடு. பென்சில் நிழல் தீட்ட வேண்டாம்.

தொடங்கும் முன் தட்டில் மூன்று வண்ணக் குட்டை கலந்து வையுங்கள்: டீ அளவில் ஓக்கர், டீ அளவில் அல்ட்ரமரின், பால் அளவில் அல்ட்ரமரின்-சியன்னா சாம்பல்.

தாள் முழுவதையும் இரட்டை நனைப்பு செய்யுங்கள். மினுமினுப்பு இருக்கும்போதே அடிவானத்திலிருந்து கீழ்வரை ஓக்கரை இழுங்கள், மலை வருமிடத்தையும் சேர்த்து. பிறகு மேலிருந்து நீலத்தை இறக்கி, மூன்றில் இரண்டு பங்கு வானத்தில் வெறும் தண்ணீரால் கரைத்துவிடுங்கள். அடிவானம் எப்போதும் வெளிறித்தான் இருக்கும். நீலம் ஓக்கர் வரை இறங்கினால் வானம் பச்சை தட்டிவிடும். இப்போது எழுந்து போய்க் காபி குடியுங்கள். விரலின் பின்பக்கத்துக்குச் சில்லிப்பு கொஞ்சமும் தெரியாதவரை மலையைத் தொடக் கூடாது.

மலையை ஒரே மூச்சில் போட வேண்டும். வெயில் பக்கத்திலிருந்து ஓக்கரில் சிறிது ரோஸ் கலந்து டீ பதத்தில் தொடங்கி, நிழல் பக்கம் வந்ததும் கழுவாமலே சாம்பல் குட்டைக்கு மாறுங்கள். இரண்டும் காகிதத்திலேயே கலக்கட்டும். ஒரே இடத்தை மூன்றாம் முறை தடவினால் அடியில் இருக்கும் வண்ணமும் கிளம்பிச் சேறாகும். மலையின் அடி ஓரத்தை வெறும் தண்ணீரால் நனைத்துக் கரையுங்கள், காலைப் புகைமூட்டம் வரும். மினுமினுப்பு மறையும் நொடியைப் பார்த்துக்கொண்டிருந்து, தயிர் பதச் சாம்பலை ரவுண்ட் 6-ல் எடுத்து, துணியில் ஒற்றி, மழைத்தண்ணீர் வழிந்து கறுத்த தாரைகளை மேலிருந்து கீழே நான்கைந்து இழுங்கள். ஓரம் மெத்தென்று விழும். இந்த ஒரு காரியத்துக்கு ஏழெட்டுத் துண்டு வீணாகும். வீணாகட்டும்.

மலை காய்ந்த பிறகு, அடியில் மர வரிசையை ஆலிவ் பச்சையின் தயிர் பதத்தில் வையுங்கள், இடையிடையே வெளிச்சம் தெரிய இடம் விட்டு. முன்தரைக்கு பிளாட் பிரஷ்ஷை ஒற்றி எடுத்துப் பக்கவாட்டில் வேகமாக இழுத்தால் கோல்ட் பிரஸ் மேடுகளில் மட்டும் வண்ணம் பிடித்துக் காய்ந்த மண் போலிருக்கும். குறுக்கே ஒரு மர நிழல். அவ்வளவுதான், பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். டேப்பைப் படத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரியுங்கள். வெயில் காலத்தில் மறுநாள் வரை விட்டால் பசை இறுகிக் காகிதத்தைக் கிழிக்கும்.

இதே மலையை இருபது முறை போடுங்கள். இருபது வேறு படங்களைவிட இது அதிகம் கற்றுத்தரும். மாறுவது என்ன, மாறாதது என்ன என்று அப்போதுதான் தெரியும்.

கெட்டுப்போனதைச் சரிசெய்ய

திட்டு விழுந்துவிட்டால் ஈரத்தில் நோண்டாதீர்கள். முழுக்கக் காய்ந்ததும் சுத்தமான ஈரப் பிரஷ்ஷால் ஓரத்தை மெல்லத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுங்கள். அல்ட்ரமரின் ஓரளவு வந்துவிடும், தாலோ வராது. படம் சேறாகிவிட்டதென்றால் அதைக் காப்பாற்ற ஒரு மணி நேரம் செலவழிப்பதைவிடத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் தொடங்கலாம். தேதியை மட்டும் மூலையில் எழுதி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

வெளியே உட்காரும்போது

மாரியம்மன் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிற்கும் காலத்துக் காலைப்பொழுது பிம்பம் பழக உகந்தது. மைய மண்டபத்தின் பிம்பம் நேர் கீழே விழும். வெளிறிய சுவர் தண்ணீரில் ஒரு படி அடர்ந்தும், அடர்ந்த மரம் ஒரு படி வெளிறியும் தெரியும். 1636-ல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் வேறு பாடம்: வெள்ளையை வரைய முடியாது, அதன் நிழலைத்தான் வரைய முடியும். அங்கே பென்சிலும் சிறு நோட்டும் கொண்டுபோவது எளிது. தண்ணீரும் வண்ணமும் எடுக்கும் முன் ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனும் கேமராவும் கொண்டுபோக முடியாது. வெளியே சித்திரை வீதியிலிருந்து கோபுரத்தைப் பாருங்கள். சிலைகளை எண்ணத் தொடங்கினால் படம் முடியாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மேலே குறுகிய ஒரே உருவமும், ஒரு வெயில் முகமும், ஒரு நிழல் முகமும் தெரியும். முதலில் அந்த இரண்டு முகம், காய்ந்ததும் நிழலுக்குள் இருபது முப்பது அடர்ந்த புள்ளி. சிலைகள் தாமாகத் தெரியும். நுணுக்கத்தில் ஆசை உள்ளவர்களுக்குப் பேனாக்கோடு இருக்கிறது. 1936-ல் மதுரையில் பிறந்த மனோகர் தேவதாஸ், சென்னையில் பேட்டரி நிறுவன வேலையில் இருந்துகொண்டே இந்த ஊரைக் கோடு கோடாக வரைந்தவர். பார்வை படிப்படியாகப் போய்க்கொண்டிருந்த வருடங்களிலும் வரைந்தார்.

யாரிடம் காட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் எல்லாவற்றுக்கும் "சூப்பர்" என்றுதான் வரும், அன்பால். வண்ணம் பழகிய ஒருவரிடம் மாதம் ஒருமுறை பத்துப் படத்தைப் பரப்பி, "எங்கே ஈரம் தப்பியது?" என்று மட்டும் கேளுங்கள். அலுவலகத்தில் இலக்கு வைத்தது போல "மார்ச்சுக்குள் கண்காட்சி" என்று நாள் குறிக்காதீர்கள். அந்த அவசரத்தில் மங்கல் ஈரத்தில் கைவைப்போம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாக் கணக்கும் தலைகீழாகும். காற்றில் ஈரம் ஏறி, வெயிலில் ஒரு நிமிடம் நின்ற மினுமினுப்பு பல நிமிடம் நிற்கும்; வானம் காயக் காபி ஒன்று போதாது. அப்போது இரட்டை நனைப்பை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம், விசிறியைக் குறைந்த வேகத்தில் போடலாம். மிச்சக் காகிதத்தைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் உறையில் மூடி, சுவரை ஒட்டாத அலமாரியில் படுக்கையாக வையுங்கள். ஈரம் ஏறிய காகிதத்தில், தண்ணீர் சட்டென்று ஊறாமல் தடுக்கும் மேற்பூச்சு கெட்டு, வண்ணம் மையொற்றித் தாளில் இறங்குவது போலப் புள்ளிப் புள்ளியாக உறிஞ்சும். அப்படி ஒரு தாள் கிடைத்தால் அதைப் பட்டை பழக ஒதுக்கிவிட்டு, அடுத்த தாளின் மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துத் தொடருங்கள்.